தொடையில் குழி விழுவது நோயா?

அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடம் ஆற்றுக்கு வடக்கே இருக்கிறது ஏலாக்குறிச்சி.

அடைக்கல மாதா கோவிலால் பெயர் பெற்ற ஊர். இத்தாலி நாட்டில் இருந்து வந்து, தமிழ் படித்து, தமிழிலேயே காவியம் பாடிய வீரமாமுனிவர் தங்கி இருந்த ஊர்.

வீரமாமுனிவர் காவியம் மட்டும் எழுதவில்லை. அகராதியும் எழுதினார். "சதுரகராதி" என்பது அதன் பெயர். 1732-ம் ஆண்டில் அது முடிந்தது. ஒரு சொல்லுக்குப் பொருள் வேண்டுமானால் அகர வரிசையில் தேடி எடுக்கலாம் என்ற வசதி தமிழுக்குக் கிடைத்தது.

அந்த அகராதியை எத்தனை முறை புரட்டினாலும் "செல்லுலைட்" என்ற சொல் அகப்படாது. அப்போது அப்படி ஒரு சொல்லே உலகத்தில் இல்லை!

தோலில் வருகிற எத்தனையோ கோளாறுகளுக்குத் தமிழில் பெயர் உண்டு. தேமல் உண்டு. மரு உண்டு. படர்தாமரை உண்டு. பாலுண்ணி உண்டு. சொறி, சிரங்கு, கரப்பான் எல்லாம் உண்டு. ஆனால், பெண்களின் தொடையிலும் இடுப்புக்குக் கீழும் மேடு பள்ளமாகத் தெரியும் சிறு குழிகளுக்கு வீட்டில் வழங்கும் பெயர் எதுவும் இல்லை. பெயர் வைத்து மருந்து தேடும் அளவுக்கு அதை யாரும் குறையாக நினைக்கவில்லை போலும்.

இன்று நிலைமை வேறு. பட்டணத்துப் பெண் முதல் பட்டிக்காட்டுப் பெண் வரை எல்லோர் கையிலும் கைபேசி இருக்கிறது. அதைத் திறந்தால், "உங்கள் தொடையில் குழி இருக்கிறதா? இந்தக் களிம்பைத் தடவுங்கள். குழி ஓடிப் போகும்!" என்று விளம்பரம் வருகிறது.

பெண்கள் பயப்படுகிறார்கள். பணம் கொடுக்கிறார்கள். ஏமாறுகிறார்கள்.

இந்தப் பயம் தேவைதானா?

மெத்தையைப் பாருங்கள்!

குழி ஏன் விழுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும்.

வீட்டில் இருக்கும் இலவம்பஞ்சு மெத்தையைப் பாருங்கள். உள்ளே பஞ்சு இருக்கிறது. மேலே துணி இருக்கிறது. பஞ்சு ஒரே பக்கம் ஒதுங்காமல் இருக்க, இடையிடையே நூல் கோத்து இழுத்துத் தைத்து இருக்கிறார்கள். நூல் இழுக்கும் இடத்தில் குழி விழுகிறது. நூலுக்கு நடுவே பஞ்சு புடைத்து நிற்கிறது.

மனித உடம்பும் இப்படித்தான். தோலுக்கு அடியில் கொழுப்பு இருக்கிறது. தோலையும் அடியில் உள்ள தசையையும் நார்கள் இணைக்கின்றன. நார் இழுக்கும் இடத்தில் குழி. கொழுப்பு தள்ளும் இடத்தில் மேடு. அவ்வளவுதான்!

ஆண்களுக்கு ஏன் இப்படி அதிகமாக வருவது இல்லை?

ஆண்களின் உடம்பில் இந்த நார்கள் வலை பின்னியது போலக் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. அதனால் கொழுப்பு மேலே தள்ளாமல் அடங்கி இருக்கிறது. தோலும் தடிப்பாக இருக்கிறது. பெண்களின் உடம்பில் நார்கள் பெரும்பாலும் மேலிருந்து கீழாக, தூண் நிறுத்தியது போல நிற்கின்றன. தூணுக்கும் தூணுக்கும் நடுவே கொழுப்பு எளிதில் மேலே வந்து விடுகிறது.

பெண் வயதுக்கு வந்ததும் உடம்பில் "ஈஸ்ட்ரோஜன்" என்ற சுரப்பு கூடுகிறது. பிள்ளை பெறுவதற்கு உடம்பைத் தயார் செய்யும் சுரப்பு அது. இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பைச் சேர்த்து வைப்பதில் அதற்குப் பங்கு உண்டு. குழி விழுவதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று டாக்டர்கள் கருதுகிறார்கள்.

அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வரலாம். வயது ஏற ஏறத் தோல் தளர்ந்து, குழி கூடுதலாகத் தெரியலாம். பருமனான பெண்ணுக்கும் உண்டு. ஒல்லியான பெண்ணுக்கும் உண்டு.

எத்தனை பேருக்கு? வயதுக்கு வந்த பெண்களில் 100-க்கு 80 முதல் 90 பேருக்கு இது ஓரளவாவது இருக்கிறது என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன.

100 பேரில் 80 பேருக்கு இருப்பதை நோய் என்று சொல்லலாமா? அப்படியானால் மீதி 20 பேர்தான் பெண்களா? இது என்ன நியாயம்!

பெயர் வந்த கதை

"செல்லுலைட்" என்ற சொல் பிரான்சு நாட்டில் பிறந்தது. 1873-ம் ஆண்டில் வெளிவந்த ஒரு பிரெஞ்சு மருத்துவ அகராதியில் அது இடம் பெற்றது. அப்போது அதன் பொருளே வேறு. தோலுக்கு அடியில் ஏற்படும் அழற்சிக்குத்தான் அந்தப் பெயர்.

1930-களில் பிரெஞ்சு அழகுப் பத்திரிகைகள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டன. தொடையில் விழும் குழிக்கு அதைச் சூட்டின. பெயர் வந்ததும் கூடவே வைத்தியமும் வந்தது. தேய்க்கும் களிம்பு வந்தது. உருட்டும் உருளை வந்தது.

1968-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் "வோக்" என்ற பிரபல அழகுப் பத்திரிகை, அமெரிக்கப் பெண்களுக்கு அந்தச் சொல்லை அறிமுகம் செய்தது. 1973-ல், நியூயார்க் நகரில் அழகு நிலையம் நடத்திய நிக்கோல் ரொன்சார் என்ற பெண்மணி, இதைப்பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அது பரபரப்பாக விற்றது.

அதுவரை அமெரிக்கப் பெண்களுக்குத் தொடையில் குழி இல்லையா? இருந்தது. ஆனால் அதற்காகக் கவலைப்பட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது! கவலைப்படக் கற்றுக் கொடுத்தது அந்தச் சொல்.

ஐரோப்பாவில் ஒரு காலத்தில் இதை அழகு என்றே எண்ணினார்கள். ரூபன்ஸ் என்ற புகழ்பெற்ற ஓவியர் 1630-களில் "மூன்று தேவதைகள்" என்ற படத்தை வரைந்தார். அந்த தேவதைகளின் உடம்பில் மேடும் பள்ளமும் நன்றாகத் தெரியும். அவர் அதை மறைக்கவில்லை. அந்தப் படம் ஸ்பெயின் நாட்டுத் தலைநகரான மாட்ரிட்டில் உள்ள பிராடோ மியூசியத்தில் இன்றும் இருக்கிறது.

1978-ல் ஜெர்மனி டாக்டர்கள் நூர்ன்பர்கரும் முல்லரும் ஆண், பெண் இருவருடைய தோலின் அமைப்பையும் ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த தலைப்பில், செல்லுலைட் என்பது "கற்பனையாக உண்டாக்கிய நோய்" என்றே குறிப்பிட்டார்கள்.

டாக்டர்களே அப்படிச் சொன்ன பிறகும் வியாபாரம் நிற்கவில்லை!

மாத்திரையும் உள்ளாடையும்

இந்த வியாபாரம் எப்படி நடந்தது என்பதற்கு அமெரிக்காவில் நடந்த மூன்று சம்பவங்களே சாட்சி.

முதல் சம்பவம்: "செல்லசீன்" என்ற மாத்திரை. மூலிகையில் செய்தது, விழுங்கினால் குழி மறையும் என்று விளம்பரம் செய்தார்கள். அதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்க அரசின் வர்த்தகக் கமிஷன், அதை விற்ற ரெக்சால் சன்டவுன் கம்பெனி மீது 2000-ம் ஆண்டில் வழக்குப் போட்டது. 2003-ல் சமரசம் ஏற்பட்டது. வாங்கியவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதற்காக 1 கோடியே 20 லட்சம் டாலர் வரை கொடுக்கக் கம்பெனி சம்மதித்தது.

இரண்டாவது சம்பவம்: தடவினால் உடம்பு இளைக்கும் என்று விளம்பரம் செய்த களிம்பு. நிவியா களிம்பைத் தயாரிக்கும் பையர்ஸ்டார்ப் கம்பெனி, 2011-ல் 9 லட்சம் டாலர் கட்டி அந்த வழக்கை முடித்துக்கொண்டது.

மூன்றாவது சம்பவம் வேடிக்கையானது. காபியில் இருக்கும் "கஃபீன்" என்ற பொருளை உள்ளாடைத் துணியில் ஏற்றினார்கள். இதைப் போட்டுக்கொண்டால் உடம்பு இளைக்கும், குழியும் குறையும் என்றார்கள். 2014-ல் வகோல் என்ற கம்பெனி 13 லட்சம் டாலர் கொடுக்க நேர்ந்தது. நார்ம் தாம்சன் என்ற இன்னொரு கம்பெனி 2 லட்சத்து 30 ஆயிரம் டாலர் கொடுத்தது.

துணி உடுத்தினால் கொழுப்பு கரையுமா? கரையும் என்று நம்பிப் பணம் கொடுத்தவர்கள் படித்தவர்கள். பயம் வந்துவிட்டால் படிப்பு உதவுவது இல்லை.

பிறகு ஓர் ஊசி மருந்தும் வந்தது. தோலை இழுத்துப் பிடிக்கும் நாரைக் கரைக்கும் மருந்து அது. 2020-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி கொடுத்தது. ஊசி போட்ட இடம் கன்றிப் போயிற்று. சிலருக்குத் தோலின் நிறமும் மாறியது. 2022 டிசம்பரில், இனி இந்த மருந்தைத் தயாரிப்பதில்லை என்று கம்பெனியே அறிவித்துவிட்டது.

களிம்பு என்ன செய்யும்?

களிம்பில் கொஞ்சமும் பலன் இல்லையா என்று கேட்கலாம். உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும்.

கஃபீன் கலந்த களிம்பைத் தடவினால், தோலுக்கு அடியில் உள்ள நீர் கொஞ்சம் வற்றி, குழி சிறிது குறைந்தது போலத் தெரியலாம். தினமும் தடவ வேண்டும். நிறுத்தினால் பழையபடி வந்துவிடும். "ரெட்டினால்" என்ற பொருள் கலந்த களிம்பை ஆறு மாதம் தொடர்ந்து தடவினால் தோல் சற்றுத் தடித்து, குழி மங்கலாகத் தெரியலாம். ஆனால் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் அதைத் தொடக்கூடாது.

எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிட்டால் அலுப்பு தீரும். தோல் மினுமினுக்கும். குழி போகாது.

பட்டணத்தில் பெரிய ஆஸ்பத்திரிகளில் வேறு சில சிகிச்சைகள் இருக்கின்றன. தோலுக்கு அடியில் மெல்லிய ஊசியைச் செலுத்தி நாரை அறுத்து விடுகிறார்கள். சில ஆழமான குழிகள் இதனால் சில ஆண்டுகளுக்கு மறைகின்றன. லேசர் கதிரும் பாய்ச்சுகிறார்கள். பலன் ஆளுக்கு ஆள் மாறும். செலவு அதிகம். அடியோடு என்றைக்குமாகப் போக்கிவிடும் சிகிச்சை இன்றுவரை எங்கும் இல்லை.

"நூற்றுக்கு நூறு உத்தரவாதம்" என்று யாராவது சொன்னால், அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிட வேண்டும்.

உயிரோடு விளையாட்டு

கொழுப்பை ஊசிக் குழாயால் உறிஞ்சி எடுக்கும் ஆபரேஷன் ஒன்று உண்டு. அது உடம்பின் வடிவத்தை மாற்றும். குழியைப் போக்காது. சில பெண்களுக்குக் குழி இன்னும் கூடுதலாகத் தெரியும்படி செய்துவிடும். குழிக்காக இந்த ஆபரேஷன் வேண்டாம் என்று தோல் டாக்டர்களே சொல்கிறார்கள்.

ஆபரேஷன் என்றால் ஆபத்தும் உண்டு.

தெலுங்கு சினிமாவில் புகழ்பெற்று இருந்த நடிகை ஆர்த்தி அகர்வால், 2015-ம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவில் இறந்தார். வயது 31. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அவர் கொழுப்பு உறிஞ்சும் ஆபரேஷன் செய்துகொண்டார்.

பெங்களூரில் 2022-ம் ஆண்டு மே மாதம், கன்னட டெலிவிஷன் நடிகை சேத்தனா ராஜ், கொழுப்பு நீக்கும் ஆபரேஷனுக்குப் பிறகு உயிர் இழந்தார். அவருக்கு வயது 21.

இவர்கள் இருவரும் குழிக்காக ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் என்று சொல்வதற்கு இல்லை. ஆனால், "உன் உடம்பு சரி இல்லை" என்று கண்ணாடியும் கேமராவும் சொல்லிக்கொண்டே இருந்தால், ஒரு பெண் எவ்வளவு தூரம் போகத் துணிவாள் என்பதை இந்தச் சாவுகள் காட்டுகின்றன.

21 வயது, சாகிற வயதா?

வீட்டிலேயே செய்யக்கூடியது

அப்படியானால் குழியைக் குறைக்க வழியே இல்லையா? உண்டு. காசு செலவு இல்லாத வழி.

நடக்க வேண்டும். தினமும் அரைமணி நேரம், மூச்சு வாங்கும்படி வேகமாக நடக்க வேண்டும். தொடைக்கு வலு கொடுக்கும் பயிற்சியும் வேண்டும். நாற்காலியில் கையை ஊன்றாமல் பத்துத் தடவை உட்கார்ந்து எழுந்தால் போதும். மாடிப்படி ஏறலாம். சைக்கிள் மிதிக்கலாம். தசை இறுகினால் மேலே உள்ள தோலும் சீராகத் தெரியும். குழி அடியோடு போகாது. ஆனால் குறைவாகத் தெரியும்.

வயலில் நாற்று நடுகிற பெண்ணுக்கு இந்த யோசனை வேண்டியது இல்லை. காலையில் குனிந்தவள் பொழுது சாயும்போதுதான் நிமிருகிறாள். அவளுக்கு ஓய்வும் நல்ல சாப்பாடும்தான் வேண்டும். நாள் முழுவதும் கடையிலோ ஆபீசிலோ தையல் மெஷினிலோ உட்கார்ந்து இருக்கிற பெண்ணுக்குத்தான் நடை வேண்டும்.

சாப்பாட்டிலும் கவனம் வேண்டும். சோற்றைக் கொஞ்சம் குறைத்து, கீரை, காய், பருப்பு, முட்டை, மீன் இவற்றைக் கூட்டிக்கொள்ளலாம். கேழ்வரகும் கம்பும் நல்லவை. எண்ணெயில் பொரித்ததையும் சர்க்கரை போட்ட பானங்களையும் குறைக்கலாம்.

பட்டினி மட்டும் கிடக்கக்கூடாது. ஒரே மாதத்தில் உடம்பு இளைத்தால் தோல் தொங்கிப் போகும். குழி இன்னும் நன்றாகத் தெரியும். பருமனாக இருப்பவர்கள் மெல்ல மெல்லத்தான் எடையைக் குறைக்க வேண்டும்.

எடையைக் குறைப்பது குழிக்காக அல்ல. சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, மூட்டுவலி இவை வராமல் இருப்பதற்காக. 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பெண்களில் 100-க்கு 40 பேர் அதிக எடையோடு இருப்பது தெரிய வந்தது. அதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம்.

பெயர் ஒன்று போல, நோய் வேறு!

இங்கே ஓர் எச்சரிக்கை.

"செல்லுலைட்டிஸ்" என்று ஒரு நோய் உண்டு. பெயர் ஒன்று போலவே இருக்கும். ஆனால் அது உண்மையான நோய். ஆபத்தான நோய்.

காலில் முள் குத்தி இருக்கும். பித்தவெடிப்பு இருக்கும். கொசு கடித்துச் சொறிந்த புண் இருக்கும். அந்த வழியாகக் கிருமி உள்ளே போய்விடும். கால் சிவக்கும். வீங்கும். தொட்டால் சுடும். வலிக்கும். காய்ச்சல் வரும். சிவப்பு மேலே மேலே பரவும்.

இதற்குக் களிம்பு தடவிக்கொண்டு வீட்டில் இருக்கக்கூடாது. பச்சிலை வைத்துக் கட்டக்கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கிருமியைக் கொல்லும் மருந்து கொடுத்தால் குணமாகும். தாமதித்தால் கிருமி ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதில் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும். வெறுங்காலோடு சேற்றில் நிற்பவர்கள், வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, ஈரம் துடைத்து, விரல் இடுக்கைப் பார்க்க வேண்டும்.

இன்னும் ஒன்று. இரண்டு கால்களும் இடுப்பில் இருந்து கணுக்கால் வரை ஒரே மாதிரி பருத்து, அழுத்தினால் வலித்து, சின்ன அடி பட்டாலும் கன்றிப் போகிறதா? அதுவும் வேறு நோயாக இருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கினாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

வலி இல்லை, வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை, குழி மட்டும் இருக்கிறது என்றால் டாக்டர் தேவை இல்லை. மருந்தும் தேவை இல்லை.

ஏலாக்குறிச்சியில் ஒரு பழைய வரலாறு சொல்லுவார்கள். அரியலூரை ஆண்ட மழவராயருக்கு ராஜபிளவை என்ற கொடிய கட்டி வந்ததாம். வீரமாமுனிவர் அந்த ஊர் மண்ணைக் குழைத்துப் பூசிக் குணப்படுத்தினாராம். அதைக் கேட்டுப் பக்தியோடு வருகிறவர்கள் உண்டு.

அந்த வரலாற்றில் ஒன்று கவனிக்க வேண்டும். வந்தது உண்மையான நோய். அதனால் வைத்தியரைத் தேடினார்கள். இன்று நோயே இல்லாத இடத்தில் வைத்தியர் வந்து கதவைத் தட்டுகிறார்!

களிம்புக் காசும் கீரைக் காசும்

அதே கணக்கெடுப்பு இன்னொன்றையும் சொல்கிறது. தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை இருக்கிறது.

பாதிப் பெண்களுக்கு மேல் உடம்பில் போதிய ரத்தம் இல்லை. நடந்தால் மூச்சு வாங்குகிறது. பிரசவத்தில் ஆபத்து. அதற்கு விளம்பரம் கிடையாது. ஏன் என்றால் அதில் கொள்ளை லாபம் இல்லை. இரும்புச்சத்து மாத்திரை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முருங்கைக்கீரை கொல்லையிலேயே இருக்கிறது.

குழிக்குக் களிம்பு வாங்கும் காசில் ஒரு குடும்பம் பல நாளைக்கு முட்டையும் நிலக்கடலையும் வாங்கிச் சாப்பிடலாம். எது தோலுக்கு நல்லது? எது உயிருக்கு நல்லது?

சட்டமும் இருக்கிறது. மாயமந்திர மருந்து விளம்பரங்களைத் தடுக்க 1954-ம் ஆண்டிலேயே இந்திய அரசு ஒரு சட்டம் கொண்டு வந்தது. குறிப்பிட்ட சில நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக்கூடாது என்று அதில் பட்டியல் போட்டார்கள். அந்தப் பட்டியலில் உடல் பருமனும் உண்டு. 2019-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொய் விளம்பரம் செய்தால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். ஏமாந்தவர்கள் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லலாம்.

ஆனால் புகார் செய்யப் பெண்கள் முன்வருவது இல்லை. வெட்கம்! "தொடைக்குக் களிம்பு வாங்கி ஏமாந்தேன்" என்று எப்படிச் சொல்வது? ஏமாற்றுகிறவனுக்கு அந்த வெட்கம்தான் முதலீடு.

வீட்டார் கவனிக்க வேண்டியது

இந்த வெட்கம் வீட்டில்தான் தொடங்குகிறது.

பள்ளிக்கூடத்தில் நன்றாக ஓடுகிற பெண் இருப்பாள். கபடி ஆடுகிற பெண் இருப்பாள். வயதுக்கு வந்த பிறகு, அரைக்கால் சட்டை போட்டு ஆட வேண்டுமே என்று விளையாட்டையே விட்டுவிடுவாள். கேட்டால் "பிடிக்கவில்லை" என்பாள். உண்மைக் காரணத்தை அம்மாவிடம்கூடச் சொல்ல மாட்டாள். குழியைக் குறைக்கும் வழி ஓடுவதும் ஆடுவதும்தான். குழிக்கு வெட்கப்பட்டு அதையே நிறுத்திவிடுகிறாள்! இதைவிட வேடிக்கை உண்டா? இதைவிட வேதனை உண்டா?

அம்மாதான் சொல்ல வேண்டும். "எனக்கும் இருக்கிறது. உன் பாட்டிக்கும் இருந்தது. இது பெண் உடம்பின் வாகு. நீ போய் ஆடு" என்று ஒரு வார்த்தை போதும். பத்துக் களிம்பு செய்யாததை அந்த ஒரு வார்த்தை செய்யும்.

கணவன்மாரும் கவனிக்க வேண்டும். இரண்டு பிள்ளை பெற்றவளைப் பார்த்து, "நீ என்ன இப்படி ஆகிவிட்டாய்?" என்று விளையாட்டாகக் கேட்கிறார்கள். கேட்டவர் மறந்துவிடுவார். கேட்டுக்கொண்டவள் மறக்க மாட்டாள். சினிமாவிலும் விளம்பரத்திலும் வருகிற பெண்ணின் படத்தைக் கம்ப்யூட்டரில் வழவழப்பாக்கிவிடலாம். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு, உழைத்துக் களைத்த மனைவியை அளக்கலாமா?

அரியலூர் மாவட்டத்திலேயே கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. அங்கே சோழர் காலத்துச் சிற்பி செதுக்கிய பெண் உருவங்கள் இருக்கின்றன. ஒரு குழி, ஒரு வரி கிடையாது. கல்லாக இருப்பதால் கிடையாது. நடக்கிற, உழைக்கிற, பிள்ளை சுமக்கிற உடம்பு கல் ஆகாது. ஆகவும் வேண்டாம்.

குழியைக் குறைக்க ஆசைப்படுகிற பெண் தாராளமாக முயற்சி செய்யலாம். நடக்கட்டும். ஓடட்டும். நன்றாகச் சாப்பிடட்டும். கைக்காசு மிச்சம் இருந்து, தோல் டாக்டரிடம் விவரம் கேட்டுச் சிகிச்சை செய்துகொண்டாலும் தப்பு இல்லை. அது அவள் உடம்பு, அவள் விருப்பம். ஆனால் பயந்து செய்யக்கூடாது. கடன் வாங்கிச் செய்யக்கூடாது. யாரோ ஏளனம் செய்தார்கள் என்று செய்யக்கூடாது.

தமிழில் இதற்குப் பெயர் இல்லாமல் போனது ஒரு குறை அல்ல. பெயர் இல்லாதவரை பயமும் இல்லாமல் இருந்தது. பெயர் வந்துவிட்டது; இனி அதைத் துரத்த முடியாது. பயத்தையாவது துரத்தலாம் அல்லவா?